முதல் வரியில் ஓர் எண்

தனி ஊசலைக் கொண்டு புவியீர்ப்பு முடுக்கத்தைக் கண்டறியும் சோதனையை நீங்கள் செய்திருப்பீர்கள். ஊசலின் நீளம் 1 மீட்டர் என்று கொள்வோம். 25 அலைவுகளுக்கு ஆகும் நேரத்தை இருமுறை அளக்கிறோம். முதல் முறை 50 வினாடி. இரண்டாம் முறை 51 வினாடி. இவ்விரண்டின் சராசரியை 25-ஆல் வகுத்தால் அலைவு நேரம் கிடைக்கும். அதை வாய்பாட்டில் இட்டால் விடை வந்துவிடும். இந்தக் கணக்கைக் கணிப்பொறியிடம் ஒப்படைக்க எண்ணிப் பைத்தான் என்னும் கணிப்பொறி மொழியில் ஐந்தாறு வரிகளில் ஒரு நிரல் எழுதுகிறோம்.

அதே நிரலை, ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல், இரண்டு கணிப்பொறிகளில் இயக்கிப் பார்க்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கணிப்பொறி 9.68 என்கிறது. மற்றது 9.87 என்கிறது. அளவீடுகள் ஒன்றே, நிரலும் ஒன்றே. அப்படியிருக்க, விடை மட்டும் ஏன் இரண்டு?

காரணம் மிக எளியது. முதல் கணிப்பொறியில் இருப்பது பைத்தான் 3-ஆம் பதிப்பு. மற்றதில் இருப்பது 2-ஆம் பதிப்பு. 101-ஐ 2-ஆல் வகுத்தால் பைத்தான் 3 தரும் விடை 50.5. பைத்தான் 2-லோ, முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் விடையும் முழு எண்ணாகவே இருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே அது 50 என்று சொல்லி, அரை வினாடியை விட்டுவிடுகிறது. அலைவு நேரம் 2.02 வினாடிக்குப் பதில் 2 வினாடி ஆகிறது. வாய்பாட்டில் அலைவு நேரத்தின் இருமடி வருவதால், 1 சதவீதப் பிழை 2 சதவீதப் பிழையாக வளர்ந்து நிற்கிறது.

இதில் கவலைக்குரியது எது தெரியுமா? விடை 98 என்று வந்திருந்தால் எவரும் தவறைக் கண்டுபிடித்துவிடுவர். 9.87 என்பதைக் கண்டு யார் ஐயுறுவார்? நம் அளவீடுகளுக்கு உரிய விடை 9.68. ஆனால் தவறான விடையல்லவா நாம் மனப்பாடம் செய்திருக்கும் 9.8-க்கு இன்னும் நெருக்கமாக இருக்கிறது! கணிப்பொறி பழுதடையவில்லை, நிரல் எழுதியவரும் பிழை செய்யவில்லை. "இந்த நிரல் எந்தப் பதிப்புக்காக எழுதப்பட்டது?" என்ற ஒரே ஒரு செய்தி விடுபட்டுப் போயிற்று. அச்செய்தியை எங்கே, எப்படி எழுதிவைப்பது என்பதைத்தான் இக்கட்டுரையில் காணப்போகிறோம். கேட்பதற்குச் சின்ன வேலையாகத் தோன்றும். அதற்குள் ஓர் அழகான புதிர் இருக்கிறது.

மொழிகள் வளர்கின்றன

நாம் பேசும் மொழிகளைப் போலவே கணிப்பொறி மொழிகளும் மாறுகின்றன. புதிய வசதிகள் சேர்கின்றன. பழைய குறைகள் நீக்கப்படுகின்றன. பைத்தானின் 2-ஆம் பதிப்பு 2000-ஆம் ஆண்டில் வெளிவந்தது. 3-ஆம் பதிப்பு 2008 டிசம்பரில் வந்தது. பைத்தான் 2-க்கான பராமரிப்பு 2020 ஜனவரி 1-ஆம் நாளோடு முடிவுற்றது. இடையே பதினோர் ஆண்டுகளுக்கும் மேலாக இரண்டும் அருகருகே புழங்கின.

இரண்டு பதிப்புகளுக்கும் இடையே இருந்த வேறுபாடுகளை இருவகையாகப் பிரிக்கலாம். முதல் வகை, மேலே கண்ட வகுத்தலைப் போன்றது. நிரல் ஓடும்; விடை மாறும். இரண்டாம் வகையில் நிரல் ஓடவே ஓடாது. எடுத்துக்காட்டாக, திரையில் ஒரு சொல்லை அச்சிடும் 'பிரிண்ட்' ஆணையைப் பைத்தான் 2-இல் அடைப்புக்குறி இல்லாமலும் எழுதலாம். அப்படி எழுதியதைப் பைத்தான் 3-இடம் கொடுத்தால் 'இலக்கணப் பிழை' என்று நின்றுவிடும். இரண்டாம் வகை தொல்லைதான். ஆனாலும் முதல் வகையைவிட நல்லது. 'எனக்குத் தெரியாது' என்று சொல்பவரிடம் ஏமாறமாட்டோம். தெரிந்ததுபோல் தவறாகச் சொல்பவரிடம்தான் ஏமாறுவோம்.

பொதிகளும் பொதி மேலாளரும்

இன்று எந்த நிரலும் தனித்து நிற்பதில்லை. வரைபடம் போட ஒருவர் எழுதிவைத்த நிரல், அணிக் கணக்குகளுக்கு மற்றொருவர் எழுதிவைத்த நிரல் என்று பலர் ஆக்கியவற்றை எடுத்துப் பயன்படுத்துகிறோம். இவ்வாறு பிறர் பயன்படுத்துவதற்காகக் கட்டிவைத்த நிரல் தொகுப்பைப் 'பேக்கேஜ்' என்பர். நாம் 'பொதி' என்று அழைப்போம். ஒரு பொதிக்கு வேறு சில பொதிகள் தேவைப்படும். அவற்றுக்கு இன்னும் சில தேவைப்படும். இவற்றையெல்லாம் தேடி, ஒன்றோடொன்று ஒத்துப்போகும் பதிப்புகளைத் தேர்ந்து, கொண்டுவந்து சேர்க்கும் மென்பொருளே 'பேக்கேஜ் மேனேஜர்' எனப்படும் பொதி மேலாளர். பைத்தானுக்குப் 'பிப்', ரஸ்ட் மொழிக்குக் 'கார்கோ' என்று மொழிக்கு மொழி இது உண்டு.

பதிப்பு எண்களைப் பற்றி இங்கே ஓர் எச்சரிக்கை. 5.9, 5.10 என்னும் இரண்டில் எது பெரியது? கணக்கு வகுப்பில் 5.9 என்று சொன்னால் முழு மதிப்பெண். பதிப்பு எண்ணில் அது தவறு. இங்கே புள்ளி என்பது தசமப் புள்ளி அன்று; இரண்டு முழு எண்களைப் பிரிக்கும் குறி. ஒரு நூலின் 5-ஆம் அதிகாரத்தில் 9-ஆம் பிரிவுக்குப் பின் 10-ஆம் பிரிவு வருவதுபோல, 5.9-க்குப் பின் 5.10 வருகிறது. அடுத்துப் பேசப்போகும் ஸ்விஃப்ட் மொழியின் 5.9 பதிப்பு 2023 செப்டம்பரிலும், 5.10 பதிப்பு 2024 மார்ச்சிலும் வெளிவந்தன. பொதி மேலாளரும் இம்முறையில்தான் எண்களை ஒப்பிடுகிறது.

ஒத்துப்போதல் இருவகைப்படும். பொதிக்கும் பொதிக்கும் இடையே உள்ளது ஒன்று. பொதிக்கும், அதைப் படித்து இயக்கும் கருவிக்கும் இடையே உள்ளது மற்றொன்று. கருவி என்று இங்கே நாம் சொல்வது மொழியின் கம்பைலரையும் பொதி மேலாளரையும்தான். நமது புதிர் இந்த இரண்டாம் வகையில் இருக்கிறது.

பெட்டிக்குள் கிடந்த சீட்டு

தெலுங்கு தெரியாத நண்பர் ஒருவருக்குத் தெலுங்கில் எழுதிய கடிதம் ஒன்று வருகிறது. கடிதத்தின் உள்ளே, "இக்கடிதம் தெலுங்கில் உள்ளது, தெலுங்கு தெரிந்தவரிடம் கொடுக்கவும்" என்று தெலுங்கிலேயே எழுதியிருக்கிறது. இதனால் என்ன பயன்? அக்குறிப்பு யாருக்குத் தேவையோ அவரால் அதைப் படிக்க முடியாது. யாரால் படிக்க முடியுமோ அவருக்கு அது தேவையில்லை!

பைத்தான் பொதிகளில் இதே நிலைதான் பல ஆண்டுகள் இருந்தது. பழைய முறையில், ஒவ்வொரு பொதியிலும் அதனை நிறுவுவதற்கான கோப்பு ஒன்று இருக்கும். அக்கோப்பே ஒரு பைத்தான் நிரல். பொதியை ஆக்கியவர் அதில், "பைத்தான் பதிப்பு 3.3-க்குக் குறைவாக இருந்தால் நிறுத்திவிடு" என்று ஓர் ஆணையை எழுதி வைப்பார். நல்ல எண்ணம்தான். ஆனால் பைத்தான் ஒரு கோப்பின் எந்த வரியையும் நிறைவேற்றுவதற்கு முன், கோப்பு முழுவதையும் படித்து அதன் இலக்கணத்தைச் சரிபார்க்கும். கோப்பில் எங்காவது புதிய பதிப்புக்கே உரிய ஒரு தொடர் இருந்தால், பழைய பைத்தான் அங்கேயே இலக்கணப் பிழை என்று நின்றுவிடும். எச்சரிக்கை ஆணை முதல் வரியில் இருந்தாலும் அதற்கு முறை வருவதே இல்லை.

எச்சரிக்கை நிறைவேறினாலும் இன்னொரு குறை உண்டு. பொதியை இணையத்திலிருந்து இறக்கிய பிறகுதான் 'இது உனக்குப் பொருந்தாது' என்பது தெரிகிறது. அதே பொதியின் முந்தைய பதிப்பு ஒன்று அவருடைய கருவிக்கு முற்றிலும் பொருந்தக்கூடும். ஆனால் பொதி மேலாளர் அதைத் தேடிப்போகாது.

2016 நவம்பரில் வெளிவந்த பிப் 9.0 இக்குறையைத் தீர்த்தது. "இப்பொதிக்கு எந்தப் பைத்தான் தேவை?" என்னும் செய்தி பொதிக்கு வெளியே, பொதிகளின் பட்டியலிலேயே ஒவ்வொரு கோப்பின் பெயரோடும் சேர்த்து வைக்கப்பட்டது. 'ரிக்வயர்ஸ்-பைத்தான்' என்பது இக்குறிப்பின் பெயர். பிப் இதை முதலில் படிக்கும். பொருந்தாதவற்றைத் தள்ளிவிட்டு, பொருந்துவனவற்றுள் புதியதைத் தேர்ந்தெடுக்கும். 2017 ஏப்ரலில் ஐபைத்தான் என்னும் புகழ்பெற்ற பொதியின் 6.0 பதிப்பு, பைத்தான் 2-ஐக் கைவிட்டு, 3.3 அல்லது அதற்கு மேற்பட்டதே வேண்டும் என்று அறிவித்து வெளிவந்தது. பைத்தான் 2.7-உம் பிப் 9-உம் வைத்திருந்தவர்களுக்கு, அவர்கள் கேளாமலே, பழைய 5-ஆம் வரிசைப் பதிப்பு கிடைத்தது. வேலை தடைப்படவில்லை.

ஆனால் பிப் 8 வைத்திருந்தவர்கள்? அதற்கு இக்குறிப்பின் பொருளே தெரியாது. அது 6.0 பதிப்பையே இறக்கித் தோல்வியுற்றது. அறிவிப்புப் பலகை நட்டால் மட்டும் போதாது. அதைப் படிக்கக் கற்றவரும் இருக்கவேண்டும். இவ்வுண்மையை மனத்தில் வைத்துக்கொண்டு அடுத்த மொழிக்குச் செல்வோம்.

ஸ்விஃப்ட் கண்ட வழி

ஸ்விஃப்ட் மொழியை ஆப்பிள் நிறுவனம் 2014-இல் அறிமுகப்படுத்தி, 2015 டிசம்பரில் அதன் மூல நிரலை எல்லோருக்கும் திறந்துவிட்டது. இம்மொழிக்கும் ஒரு பொதி மேலாளர் உண்டு. ஒவ்வொரு ஸ்விஃப்ட் பொதியிலும் 'பேக்கேஜ்.ஸ்விஃப்ட்' என்னும் விவரக் கோப்பு இருக்கும். பொதியின் பெயர் என்ன, அதன் பகுதிகள் எவை, வேறு எந்தப் பொதிகள் தேவை என்பனவெல்லாம் அதில் இருக்கும். இக்கோப்பும் ஸ்விஃப்ட் மொழியிலேயே எழுதப்படுகிறது.

புதிர் இப்போது முழு வடிவில் நம் முன் நிற்கிறது. விவரக் கோப்பைப் படித்தால்தான் பொதிக்கு எந்தப் பதிப்புக் கருவி தேவை என்பது தெரியும். எந்தப் பதிப்பு என்பது தெரிந்தால்தான் விவரக் கோப்பைச் சரியாகப் படிக்க முடியும். எதை முதலில் செய்வது?

ஸ்விஃப்ட் கண்ட விடை, கோப்பின் தலையில் எழுதும் ஒரே ஒரு வரி. ஆங்கில எழுத்துகளில் உள்ள அவ்வரியைத் தமிழில் ஒலிபெயர்த்தால் இப்படி இருக்கும்:

// ஸ்விஃப்ட்-டூல்ஸ்-வெர்ஷன்:5.9

தொடக்கத்தில் உள்ள இரண்டு சாய்கோடுகளைக் கவனியுங்கள். ஸ்விஃப்ட் மொழியில் இவற்றுக்குப் பின் வருவது மனிதர்களுக்கான குறிப்புரை; கம்பைலர் அதைப் பொருட்படுத்தாது. ஆகவே இவ்வரியால் நிரலின் இலக்கணம் எவ்வகையிலும் பாதிக்கப்படுவதில்லை. ஆனால் பொதி மேலாளர், கம்பைலரை அழைப்பதற்கு முன், இவ்வரியை மட்டும் வெறும் எழுத்துகளாகப் படித்துக்கொள்கிறது. கடிதத்தின் மொழி எதுவாயினும் உறைமேல் இருக்கும் பின்கோடு எண்ணைத் தபால்காரர் படித்துவிடுவது போன்றது இது.

பிறகு நடப்பதை வரிசையாகக் காண்போம்.

1. வரியில் உள்ள எண், கருவியின் பதிப்பு எண்ணைவிடப் பெரிதானால், மேலாளர் அக்கோப்பைக் கம்பைலரிடம் தருவதில்லை. "இப்பொதிக்கு இன்னும் புதிய கருவி தேவை" என்று தெளிவாகச் சொல்லி நிறுத்திவிடுகிறது. அது நாம் ஆக்கும் பொதியாக இல்லாமல், நமக்குத் தேவைப்படும் வேறொரு பொதியாக இருந்தால், அதன் முந்தைய பதிப்புகளுள் பொருந்துவது உண்டா என்று தேடுகிறது.

2. எண் சமமாகவோ சிறிதாகவோ இருந்தால், அந்தப் பதிப்புக்கு உரிய விதிகளின்படி விவரக் கோப்பைப் படிக்கிறது. கருவி 6.0 ஆக இருந்தாலும், 5.9 என்று அறிவித்த கோப்பை 5.9-இன் விதிப்படியே படிக்கும். இதனால் விதிகள் மாறியபின்னும் பழைய பொதிகள் கெடாமல் இருக்கின்றன.

3. அப்படி ஒரு வரியே இல்லையென்றால்? அப்போது 3.1 என்று எழுதியிருப்பதாகக் கொள்கிறது.

அது ஏன் 3.1? இங்கேதான் வடிவமைத்தவர்களின் முன்யோசனை தெரிகிறது. விவரக் கோப்பின் அமைப்பைப் பெரிதும் மாற்றிய ஸ்விஃப்ட் 4, 2017 செப்டம்பரில் வந்தது. ஆனால் முதல் வரியைப் படிக்கும் திறன் அதற்கு முன்பே, 2017 மார்ச்சில் வந்த 3.1 பதிப்பிலேயே சேர்க்கப்பட்டுவிட்டது. மாற்றம் வருவதற்கு முன்பே, மாற்றத்தை அறிவிக்கும் பலகையைப் படிக்கக் கருவிக்குக் கற்றுக்கொடுத்துவிட்டார்கள். ஆகவே 3.1 வைத்திருந்தவரிடம் 4 என்று அறிவித்த பொதி வந்தபோது, அக்கருவி குழம்பவில்லை. வரியே இல்லாத பொதி, பலகை நடும் வழக்கம் தோன்றுவதற்கு முந்தையது என்று கொள்வதும் நியாயமே. இன்றைய ஸ்விஃப்ட் கருவிகள் 3.1 விதிகளை ஏற்பதில்லை. எனவே இப்போது அவ்வரியை எழுத மறந்தால், 'இப்பதிப்பு இப்போது ஆதரிக்கப்படுவதில்லை' என்ற செய்தியோடு பொதி திரும்பிவிடும்.

முன்யோசனைக்கு எல்லை உண்டு என்பதற்கும் இவ்வரியிலேயே சான்று இருக்கிறது. மேலே எழுதிய வரியில் முக்காற்புள்ளிக்கும் எண்ணுக்கும் இடையே வெற்றிடம் இல்லை. படிக்க வசதியாக ஓர் இடம் விட்டு எழுதலாமே என்று தோன்றும். ஸ்விஃப்ட் 5.4 முதல் அது அனுமதிக்கப்படுகிறது. ஆனால் 5.3 அல்லது அதற்குக் குறைந்த எண்ணை எழுதும்போது இடம் விட்டால், இன்றைய கருவியும் அதை ஏற்காது. ஏன்? 5.3 என்று எழுதுவதன் பொருளே 'பழைய 5.3 கருவியும் இதைப் படிக்கலாம்' என்பதுதான். அந்தப் பழைய கருவிக்கு இடம் விட்ட வரியைப் படிக்கத் தெரியாது. பழைய கருவிக்காகப் பேசும் வரி, பழைய கருவிக்குப் புரியும் வடிவில்தானே இருக்க வேண்டும்!

எந்த எண்ணை எழுதுவது?

முறை தெரிந்துவிட்டது. இனி, எண்ணைத் தேர்ந்தெடுப்பது பொதியை ஆக்குபவரின் பொறுப்பு. இங்கே இரு தவறுகள் நேரலாம்.

தம்மிடம் உள்ள மிகப் புதிய பதிப்பின் எண்ணையே எழுதிவிடுவது முதல் தவறு. பழைய கணிப்பொறி வைத்திருப்பவருக்கும் அப்பொதி இயங்கியிருக்கும். ஆனால் அறிவிப்பு அவரைக் காரணமின்றி வெளியே நிறுத்திவிடுகிறது. எல்லோரையும் மகிழ்விக்க எண்ணி மிகக் குறைந்த எண்ணை எழுதுவது இரண்டாம் தவறு. அறிவிப்பை நம்பி வருபவர் பாதி வழியில் தடுமாறி நிற்பார். எழுத வேண்டியது, 'இதற்குக் குறைந்தால் இயங்காது' என்னும் சிறும எண். அதை ஊகித்து எழுதலாகாது. அந்தப் பதிப்பில் உண்மையிலேயே இயக்கிப் பார்த்து எழுத வேண்டும். ஆய்வகத்தில் அளவுகோலின் மீச்சிற்றளவைக் குறிப்பது போன்ற நேர்மை இதற்கும் தேவை.

ரஸ்ட் மொழியின் வரலாறு இதற்கு இன்னொரு பாடம். 'ரஸ்ட்-வெர்ஷன்' என்னும் அறிவிப்பு, 2021 அக்டோபரில் 1.56 பதிப்போடு வந்தது. தொடக்கத்தில் கார்கோ, பொருந்தாத பொதியைக் கண்டால் பிழை என்று அறிவித்து நிற்கும், அவ்வளவே. அந்த எண்ணைப் பார்த்து, பொருந்தும் பழைய பதிப்பைத் தானே தேர்ந்தெடுக்கும் வசதி 2025 ஜனவரியில் 1.84 பதிப்போடுதான் வந்தது. ஆயினும், முன்பே எண்ணை எழுதிவைத்தவர்களின் உழைப்பு வீண்போகவில்லை. அவர்கள் எழுதிய எண்களே புதிய வசதிக்கு உணவாயின. உண்மையான அறிவிப்புக்கு, எழுதும்போது தெரியாத பயன்களும் பிற்காலத்தில் உண்டாகும்.

அலகு இல்லாத எண்

விடைத்தாளில் '9.8' என்று மட்டும் எழுதினால் ஆசிரியர் மதிப்பெண் தருவதில்லை. 'மீட்டர் / வினாடி இருமடி' என்ற அலகு இல்லாமல் அந்த எண் எதையும் சொல்வதில்லை என்பதே காரணம். நிரலுக்குக் கருவிப் பதிப்பு அலகு போன்றது. நிரலின் எழுத்துகள் அப்படியே இருக்கலாம். அவற்றின் பொருளை வரையறுப்பது அவற்றைப் படிக்கும் கருவி. ஊசல் கணக்கில் நாம் கண்டதும் இதுவே.

நீங்கள் எழுதும் சிறு நிரலுக்குப் பொதி மேலாளர் தேவைப்படாமல் இருக்கலாம். ஆனாலும் கோப்பின் முதல் வரியில், 'இது பைத்தான் இந்தப் பதிப்பில் இயக்கிச் சரிபார்க்கப்பட்டது' என்று ஒரு குறிப்புரை எழுத அரை நிமிடம்கூட ஆகாது. ஐந்து ஆண்டுகளுக்குப் பின் அக்கோப்பைத் திறந்து பார்க்கப்போகிறவர் முன்பின் அறியாத ஒருவராக இருக்கலாம். நீங்களாகவே கூட இருக்கலாம். இருவருக்கும் அவ்வரி ஒன்றுபோலவே உதவும்.

சிந்திக்க

1. 3.9, 3.12, 3.2, 3.10 என்னும் பதிப்பு எண்களைப் பழையதிலிருந்து புதியதாக வரிசைப்படுத்துக.

2. ஒரு பொதி தனக்கு 5.7 கருவி வேண்டும் என்கிறது. அது பயன்படுத்தும் மற்றொரு பொதி 5.10 வேண்டும் என்கிறது. அதற்கு முந்தைய பதிப்பே கிடையாது. இரண்டும் இயங்க எந்தக் கருவி தேவை?

3. பைத்தான் 2-இல் நமது ஊசல் கணக்கில் அளவீடுகள் 50, 52 என்று இருந்திருந்தால் விடை தவறியிருக்குமா?

விடைகள்: 1) 3.2, 3.9, 3.10, 3.12. 2) 5.10 அல்லது அதற்கு மேற்பட்டது. 3) தவறியிருக்கும். கூட்டுத்தொகை 102, சராசரி 51 சரியாகவே வரும். ஆனால் அடுத்து 51-ஐ 25-ஆல் வகுக்கும்போது 2.04-க்குப் பதில் 2 என்றே விடை கிடைக்கும். ஓர் இடத்தில் தப்பிய பிழை அடுத்த இடத்தில் பிடித்துக்கொள்கிறது!